ஏழாம் கட்டிலுக்கு மேலே ஒரு கிணறு

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையை நான் ஆசைப்பட்டு எழுதவில்லை, வயிற்றெரிச்சலில் எழுதுகிறேன். ஒரு பெண்ணின் சாவில் எனக்குப் பங்கு உண்டா இல்லையா என்று மூன்று மாதமாகத் தெரியவில்லை. முதலில் கட்டுரையாக எழுதிப் பார்த்தேன். அது என்னை நானே விடுதலை செய்துகொள்கிற தீர்ப்பு மாதிரி வந்து நின்றது, கிழித்துப் போட்டேன். கதை என்றால் கூச்சமில்லாமல் பொய் சொல்லலாம், சொல்லச் சொல்ல உண்மை எங்காவது தவறி விழும் என்று ஒரு நப்பாசை.

எல்லாவற்றுக்கும் தொடக்கம் நான் எழுதிய இன்னொரு கட்டுரைதான். ஆஸ்பத்திரிச் சுவர்கள் ஏன் இப்படிப் பயமுறுத்துகின்றன, படமும் பாட்டும் இருந்தால் நோயாளி எவ்வளவு ஆறுதலாக இருப்பான் என்றெல்லாம் ஞாயிற்றுக்கிழமை இணைப்பு ஒன்றில் வெளுத்து வாங்கியிருந்தேன். அதை எழுதும்வரை நான் ஆஸ்பத்திரியில் ஒரு நாள்கூடப் படுத்ததில்லை. அதைப் படித்த ஓர் அறக்கட்டளையைச் சேர்ந்தவர்கள், "நீங்களே வந்து செய்து கொடுங்கள்" என்று கூப்பிட்டார்கள். நாமக்கல் பக்கம் ஓர் ஆஸ்பத்திரி, அதில் ஒரு டயாலிசிஸ் பிரிவு. [பெயரைக் கேட்காதீர்கள். தேடிப் போனாலும் கிடைக்காத மாதிரி அடையாளத்தை மாற்றியிருக்கிறேன்.]

சிறுநீரகம் நின்றுபோனவர்களுக்கு மெஷின் வைத்து இரத்தத்தைச் சுத்தம் செய்கிற இடம் அது. பன்னிரண்டு கட்டில். வாரத்துக்கு மூன்று நாள், ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம், கையில் ஊசியோடு மல்லாந்து கிடக்க வேண்டும். மல்லாந்து கிடப்பவர்கள் சுவரைப் பார்ப்பதில்லை, கூரையைத்தான் பார்க்கிறார்கள். ஆகவே படம் கூரையில் இருக்க வேண்டும். அதைக் கண்டுபிடித்துச் சொன்னவன் நான்தான். அந்தப் பெருமை இன்றைக்கும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கிறது, சீ என்று இருக்கிறது.

2

தொடக்க வரிக்காக நான் பட்ட பாடு.

"வானம் பார்த்த பூமியில் பிறந்த சௌந்திரத்துக்கு—" வேண்டாம். இப்படித் தொடங்கும் கதைகளை நானே மூடி வைத்திருக்கிறேன்.

"ரிக் வண்டியில் இருபத்திரண்டு வருடம் ஊர் ஊராகப் போய் போர்வெல் போட்ட சின்னண்ணனால், தன் தோட்டத்தில் மட்டும்—" இதுவும் வேண்டாம். ஊருக்கெல்லாம் தண்ணீர் எடுத்துக் கொடுத்தவர், அவர் மனைவி சௌந்திரத்துக்குத் தண்ணீர் குடிக்கத் தடை. யாராவது நம்புவார்களா? ஜோடித்தது மாதிரியே இருக்கிறது. அவரைக் கோழிப்பண்ணைக்காரராக மாற்றிக்கூட எழுதிப் பார்த்தேன். முட்டை எண்ணிக்கொண்டு நின்றார், கதைக்குள் வரமாட்டேன் என்றார். என்ன செய்ய, திருச்செங்கோட்டுப் பக்கத்தில் தெருவுக்கு நாலு பேர் ரிக்குக்குப் போனவர்கள்தான். அவர் நிஜமாகவே போர் போட்டவர். ராஜஸ்தானில் போட்டார், சத்தீஸ்கரில் போட்டார். சொந்தத் தோட்டத்தில் மூன்று தடவை போட்டார், ஆயிரத்து நூறு அடியில் கல்மாவு மட்டும் புகையாகப் பறந்தது. அதை மாற்ற எனக்கு உரிமையில்லை.

கடைசியில் நின்ற வரி இது:

சின்னண்ணன் தன் மனைவி கண்ணெதிரே தண்ணீர் குடித்து மூன்று வருடம் ஆகிறது.

3

டயாலிசிஸில் இருப்பவர்களுக்குத் தண்ணீர் அளவு. சௌந்திரத்துக்கு ஒரு நாளைக்கு அரை லிட்டர். காப்பி, ரசம், மாத்திரை போட்டுக்கொள்கிற மடக்கு எல்லாம் அதற்குள் அடக்கம். சிறுநீர் வராத உடம்பில் கூடுதலாகப் போகிற தண்ணீர் காலில் ஏறும், முகத்தில் ஏறும், கடைசியில் நுரையீரலில் ஏறும். இது எனக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில் கொடுத்த படிவத்தில் இருந்தது, படித்திருந்தேன். படித்த பிறகும் நான் செய்ததைக் கேளுங்கள்.

நோட்டை எடுத்துக்கொண்டு கட்டில் கட்டிலாகப் போனேன். "மேலே பார்த்தால் என்ன தெரிந்தால் நன்றாக இருக்கும்?" என்று கேட்டேன். ஐந்து பேர் சாமி படம் கேட்டார்கள். எல்லா மதத்தவரும் வருகிற இடம், சாமி வேண்டாம் என்று அறக்கட்டளை சொல்லியிருந்தது. மேச்சேரிக்காரர் ஒருவர் தன் ஆட்டுப்பட்டியைக் கேட்டார். மற்ற எல்லோரும் கேட்டது தண்ணீர். ஒருவருக்கு மேட்டூரில் பதினாறு கண் மதகும் திறந்திருக்க வேண்டும். ஒருவருக்குக் கொல்லிமலை அருவி. ஏழாம் கட்டிலில் சௌந்திரம் கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள்.

"கெணறு சாமி. ரொம்பின கெணறு. படிக்கட்டு கண்ணுக்கே தெரியக் கூடாது. அத்தன தண்ணி."

அவளுக்கு ஐம்பது வயதிருக்கும். என்னைவிட இளையவள்தான், ஆனாலும் எங்கள் பக்கத்தில் சின்னவர்களைப் பாசமாகக் கூப்பிடுகிற மாதிரி என்னைச் சாமி என்றுதான் கூப்பிட்டாள். அந்த வரியை எழுதும்போது என் கை நடுங்கியது. இரக்கத்தில் நடுங்கியது என்று நினைக்காதீர்கள். நல்ல வரி கிடைத்தால் எழுதுகிறவனுக்கு வருகிற நடுக்கம் அது.

[அன்றைக்குத் தலைமை நர்ஸ் மஞ்சுளா விடுப்பில் இருந்தார். வேலைக்கு வந்திருந்தால் ஒரே பார்வையில் நிறுத்தியிருப்பார். விடுப்பில் இருந்தவர்மேல் பழியைப் போட இந்த அடைப்புக்குறியைத் திறந்தேனோ என்று இப்போது சந்தேகம் வருகிறது. மூடிவிடுகிறேன்.]

இது தப்பு என்று ஒருவருக்குமே படவில்லை, அதுதான் வேடிக்கை. டாக்டர் சங்ககிரிக்காரர், "ஆடிப்பெருக்கு மாதிரி இருக்கட்டும் சார்!" என்று குதித்தார். அறக்கட்டளைக்காரர்களுக்கு ஏகச் சந்தோஷம். இந்தப் பக்கத்தில் பிறந்தவனுக்கு நல்ல சேதி என்றால் தண்ணீர் வந்த சேதிதான். மேட்டூர் நிரம்பினால் டீக்கடையில் முன்பின் தெரியாதவனிடம் சொல்லிச் சிரிக்கிறவர்கள் நாங்கள். நிறைந்த தண்ணீரைப் பார்த்து ஒருத்தருக்குக் கஷ்டம் வரும் என்று எங்கள் புத்திக்கு எட்டவே இல்லை.

வரைய மயில்சாமியைப் பிடித்தேன். லாரிக்குப் பாடி கட்டுகிற பட்டறையில் படம் போடுகிறவர். அதிலும் குடிதண்ணீர் டேங்கர் லாரிகளுக்கு அவரைத்தான் தேடி வருவார்கள். பன்னிரண்டு பிளைவுட் பலகைகளைப் பட்டறையிலேயே எனாமல் பெயின்டில் வரைந்து, ஞாயிற்றுக்கிழமை கொண்டுவந்து கூரையில் திருகிவிடலாம் என்றார். கிணற்றுத் தண்ணீரில் கடைசியாக ஒற்றை முடிப் பிரஷ்ஷால் வெள்ளை வைத்துக்கொண்டே பெருமையாகச் சொன்னார்.

"டேங்கர்ல படம் பாத்தா ரோட்டுல போறவனுக்கு நாக்கு வறளணுமுங்க சார். அப்பத்தான் அது படம்."

பிரமாதம் என்று சொல்லி அவர் தோளில் தட்டினேன்.

4

பலகைகள் ஏறிய மறுநாள், திங்கட்கிழமை. சின்னண்ணன் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து கண்ணாடி வழியாக உள்ளே பார்த்துக்கொண்டிருந்தார். சௌந்திரம் படுத்தாள், மேலே பார்த்தாள், அப்புறம் கண்ணை எடுக்கவே இல்லை. வழக்கமாக இரண்டு மணி நேரத்தில் கால் நரம்பு இழுத்துக்கொண்டு முனகுவாள். அன்றைக்கு முனகலே இல்லை. செத்துக்கித்துப் போனாளா என்று பயந்து அவர் கண்ணாடியை லேசாகத் தட்டக்கூடச் செய்தார்.

வெளியே வந்தவள் முகம் கழுவினாற்போல இருந்தது. "எறங்கிக் குளிச்சுட்டு வந்தாப்பல இருக்குதுங்க" என்றாள். கல்யாணம் ஆன புதிதில் அவள் அப்பன் தோட்டத்துக் கிணற்றில் அவள் மேலிருந்து குதித்ததை அவர் பார்த்திருக்கிறார். அதற்கப்புறம் அந்த முகத்தை இன்றைக்குத்தான் பார்க்கிறார். என்னைக் கண்டதும் எழுந்து கும்பிட்டார். நான் எழுதியதற்காக ஒருவர் என்னைக் கும்பிட்டது வாழ்க்கையில் அது ஒரு தடவைதான்.

வீட்டில் அவர்தான் அளவுக்காரர். காலையில் அரை லிட்டர் பாட்டிலை நிரப்பி அலமாரியில் வைப்பார், அதோடு சரி. தான் குடிக்கும்போது அவள் கண் தன் தொண்டைக்குழியிலேயே நிற்பதை ஒருநாள் கவனித்தார். அன்றிலிருந்து பக்கத்துத் தோட்டத்துப் பாவாயி வீட்டுக் குழாயில்தான் அவருக்குக் குடி.

"ஏனுங்ணா, உங்க ஊட்டுல தண்ணி வரலீங்களா?" என்று பாவாயி முதலில் கேட்டாள்.

"வருது சாமி. அங்க எறங்க மாட்டேங்குது" என்றார். அதற்குமேல் அவள் கேட்டதில்லை, சொம்பைக் குழாயடியிலேயே கவிழ்த்து வைத்துவிடுவாள்.

படம் வந்த இரண்டாவது வாரம் சௌந்திரம் மத்தியானத்தில் கேட்க ஆரம்பித்தாள். "இன்னும் ஒரு வாய் குடுங்க." ஒரு வருடமாக அவள் கேட்டதே இல்லை, கேட்டுக் கேட்டு ஓய்ந்துபோயிருந்தாள். அந்த வாய் மறுபடி கேட்கிறது. சின்னண்ணன் பயந்துபோனார்.

[இந்தப் பகுதி எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். பாதி அவர் சொன்னது. மீதி, வராந்தாவில் அவரோடு உட்கார்ந்திருந்தபோது அவர் சொல்லாமல் விட்டது.]

5

மஞ்சுளா போன் செய்தார். "சார், படமெல்லாம் நல்லாத்தான் இருக்குது. நீங்க ஒருக்கா வந்து ஏழாம் பெட்டுல படுத்துப் பாருங்க" என்றார். குரலில் கிண்டல் இருந்ததா கோபம் இருந்ததா என்று தெரியவில்லை. எனக்கும் சுருக்கென்று கோபம் வந்தது. பத்திரிகையில் கூரையைப் பற்றிப் போட்டோவோடு செய்தி வந்திருந்த நேரம் அது.

போனேன். சித்திரை வெயில். ஒரு ஷிப்ட் முடிந்து அடுத்த ஷிப்ட் ஏறுவதற்கு நடுவே ஏழாம் கட்டில் காலியாக இருந்தது. சௌந்திரம் பக்கத்து ஸ்டூலில் தன் முறைக்காகக் காத்திருந்தாள். ஆராய்ச்சிக்காரன் தோரணையில் படுத்தேன். மேலே மயில்சாமியின் கிணறு. விளிம்புவரை கறுத்த நீலம், தளும்புகிற இடத்தில் மட்டும் வெள்ளை. பத்து நிமிஷம் பார்த்திருப்பேன். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. எழுந்து உட்கார்ந்து, பையிலிருந்த தண்ணீர் பாட்டிலைத் திறந்து, மடமடவென்று பாதி குடித்தேன்.

குடித்து முடித்த பிறகுதான் அவள் இருப்பது நினைவுக்கு வந்தது. அவள் என் தொண்டையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எனக்கு உடம்பே கூசியது. பாட்டிலைக் கட்டிலோரம் வைத்துவிட்டு, ஏதோ கேட்க வேண்டியவன்போல மஞ்சுளாவின் மேசைக்கு ஓடினேன். இரண்டு நிமிஷம் கழித்துத் திரும்பி வந்தபோது பாட்டில் காலி. சௌந்திரம் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள், உதடு ஈரமாக இருந்தது.

"ஏதாச்சும் எழுதுனீங்களா சாமி?" என்றாள்.

அவளை எடை பார்த்தார்கள். போன தடவைக்கும் இந்தத் தடவைக்கும் இரண்டு கிலோ ஏறியிருந்தால் பரவாயில்லை, நாலு கிலோவுக்கு மேல் இருந்தது. "எப்புடிக்கா இவ்வளவு ஏறுது? ஊட்டுல குடிக்கறீங்களா?" என்று மஞ்சுளா அதட்டினார். சௌந்திரம் தலையைக் குனிந்துகொண்டாள். வராந்தாவிலிருந்து வந்த சின்னண்ணன், "நான் அளந்துதானுங்க குடுக்கறேன்" என்று குற்றவாளி மாதிரி நின்றார். நான் வாயைத் திறக்கவில்லை. அரை பாட்டில் தண்ணீரால் நாலு கிலோ ஏறாது, எனக்கும் தெரியும். ஆனாலும் அப்போது நான் பேசியிருக்க வேண்டும்.

6

அன்றைக்கே சின்னண்ணன் என்னை வெளியே கூப்பிட்டார்.

"சார், அந்தப் படத்த எறக்கிப்போடுங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும். அதப் பாத்துட்டு வந்தா அவளால தாகத்த அடக்கிப் பொழுதத் தாட்ட முடியலீங்க."

சரி என்றுதான் சொல்ல வந்தேன். உள்ளே ஊசி குத்திக்கொண்டு கிடந்தவளிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று அவரையும் கூட்டிக்கொண்டு போனேன். அவள் படுத்தபடியே கத்தினாள். ஊசி போட்ட கையை அசைக்கக் கூடாதென்று மஞ்சுளா ஓடிவந்து பிடித்துக்கொண்டார்.

"அத எறக்குனா நான் இங்க வரவே மாட்டேன் சாமி. கட்டையா ஊட்டுலயே கெடந்துக்கறேன்."

"ஏம்புள்ள, உசுரு வேணுமா வேண்டாமா உனக்கு?" சின்னண்ணனுக்குக் குரல் உடைந்துவிட்டது.

"மேல வெள்ளையா இருந்தப்ப பொணமாட்டத்தானுங்க கெடந்தேன். இப்பத் தாகமா இருக்குது. தாகமாச்சும் இருக்குதுல்ல?"

நான் நோட்டை எடுத்து அந்த வரியை எழுதிக்கொண்டேன். எடுக்காமல் இருந்திருக்கலாம்.

யார் பக்கம் நிற்பது? அவர் கேட்பது அவள் உயிரை, அவள் கேட்பது நாலு மணி நேரத்தை. இப்படிப் பெரிதாக யோசித்தேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும். உண்மை வேறு. அறக்கட்டளையின் பெரிய மனிதர்கள் சென்னையிலிருந்து பார்க்க வருவதாக இருந்தது. ஏழாம் கட்டிலுக்கு மேலே வெற்றுக் கூரையும் எட்டுத் திருகு ஓட்டையும் இருந்தால் எனக்கு அசிங்கம். "பத்து நாள் பொறுத்துக்குங்க, பார்க்கலாம்" என்றேன். இரண்டு பேருக்கும் பொதுவாகச் சொன்னது மாதிரி சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

7

எட்டாம் நாள் திங்கட்கிழமை.

வெள்ளிக்கிழமை மெஷினில் ஏறினால் அடுத்தது திங்கட்கிழமைதான். நடுவே சனியும் ஞாயிறும் சும்மா. அந்த இரண்டு நாளைத் தாண்டுவதுதான் கஷ்டம் என்று மஞ்சுளா முன்பே சொல்லியிருந்தார். காலையில் சௌந்திரத்தை ஆம்புலன்ஸில் கொண்டுவந்தார்கள். உட்காரவும் முடியாமல் படுக்கவும் முடியாமல் மூச்சு இரைத்தது. மஞ்சுளா மெஷினை ஓடவிட்டுத் தயாராக நின்றார். ஊசி ஏற்றுவதற்குள் போய்விட்டாள்.

நுரையீரலில் தண்ணீர் என்று டாக்டர் சொன்னார். "எவ்வளவு குடிச்சாங்க?" என்று கேட்டதற்கு, "அரைச் சொம்பு. ஞாயித்துக்கெழம மத்தியானம் நாந்தானுங்க குடுத்தேன்" என்றார் சின்னண்ணன். அரைச் சொம்பில் இப்படி ஆகாது என்று டாக்டருக்கும் தெரியும். அவர் மேற்கொண்டு கேட்கவில்லை.

நான் செவ்வாய்க்கிழமைதான் கேள்விப்பட்டேன். சென்னைக்காரர்கள் கடைசிவரை வரவே இல்லை.

8

இனி முடிவுகள். எழுதிப் பார்த்தவற்றை அப்படியே வைக்கிறேன்.

அ) சின்னண்ணன் கேட்ட அன்றைக்கே பலகையை இறக்குகிறேன். சௌந்திரம் என்னோடு பேசுவதில்லை, ஆனால் பிழைத்துக்கொள்கிறாள். இதை மஞ்சுளாவிடம் படிக்கக் கொடுத்தேன். படித்துவிட்டு, "அவங்களுக்கு வெயில் காலத்துல எப்பவுமே எடை ஏறுமுங்க சார். போன வருசம் ரெண்டு தடவ ஐசியூல கெடந்தாங்க. அப்பக் கூரை வெள்ளைதான்" என்றார். அப்பாடா என்று இருந்தது. அந்த அப்பாடா அரை மணி நேரம் தாங்கியது.

ஆ) இது மயில்சாமி சொன்னது. சேதி கேட்டுப் பட்டறையிலிருந்து பெயின்ட் கையோடு ஓடிவந்தவர், வராந்தாவில் உட்கார்ந்து அழுதார். "முன்னாடியே ஒரு வார்த்த சொல்லியிருந்தா, வாரம் ஒரு படியா தண்ணிய எறக்கி வரைஞ்சிருப்பேனே சார்." கிணறு படிப்படியாக வற்றுகிறது, அவள் ஆசையும் கூடவே வற்றுகிறது, கடைசியில் அடியில் ஒரு தவளை. அழகாக இருக்கிறது. அழகாக இருப்பதாலேயே எனக்கு நம்பிக்கை வரவில்லை.

இ) ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவள் தானே எழுந்து போய், குழாயைத் திறந்து—

இதை எழுதவே மாட்டேன். பார்த்தவர் யாரும் இல்லை.

9

அச்சுக்குக் கொடுப்பதற்கு முன்னால் சின்னண்ணனிடம் படித்துக் காட்ட வேண்டும் என்று தோன்றியது. நேற்றுக் காலையில் அவர் தோட்டத்துக்குப் போனேன். பலகைகளை எல்லாம் இறக்கிவிட்டோம் என்று முதலில் சொன்னேன். "அப்புடீங்களா" என்றார், அவ்வளவுதான். வேப்பமரத்தடியில் கட்டிலைப் போட்டுக்கொடுத்து, எதிரே குத்தவைத்து உட்கார்ந்து முழுவதையும் கேட்டார். பாட்டில் விஷயத்தைப் படித்துவிட்டு நிமிர்ந்தேன். திட்டுவார் என்று பார்த்தேன். அடித்தாலும் வாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் இருந்தேன்.

"அதுல எத்தன தண்ணி இருந்துச்சுங்க?" என்று கேட்டார்.

"பாதி பாட்டில்."

"அத முழுசாக் குடிச்சாளா?"

"ஆமாங்க."

"செரி" என்றார். பிறகு அவராகவே பேசினார்.

"நான் குடுத்தது அரைச் சொம்பு இல்லீங்க சார். 'ஒரே ஒருக்கா உங்க கையால ரொப்பிக் குடுங்க'ன்னு கேட்டா. மூணு வருசத்துல அப்புடிக் கேட்டதே இல்ல. சொம்பு ரொம்ப மொண்டுதான் குடுத்தேன். கண்ண மூடிக் குடிச்சுக்கிட்டு இருந்தா. பாதியில எனக்குப் பயம் புடிச்சுக்கிச்சு. வாயிலிருந்து புடுங்கிட்டேன்."

கையிலிருந்த தாள்களை மடித்துக்கொண்டேன்.

"குடுத்ததுக்கு வெசனமில்லீங்க. புடுங்குனனே, அதுதான் சார். எப்புடியும் போறவளுக்கு, அந்த மீதி—" துண்டை வாயில் வைத்துக்கொண்டார். மூன்று மாதம் கழித்து அவர் அழுவதை அப்போதுதான் பார்த்தேன்.

நான் எழுந்து கிளம்பும்போது வண்டிவரை கூட வந்தார்.

"என்ன எழுதுனாலும் எழுதிக்குங்க, எம்பேரையும் போட்டுக்குங்க. ஒண்ணு மட்டும் கேக்கறேன். கதையில புடுங்காதீங்க."

வீட்டுக்கு வந்து, ஏழாம் பகுதிக்கு முன்னால் செருகுவதற்காக இதை எழுதினேன்:

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சின்னண்ணன் சொம்பு நிறையத் தண்ணீர் மொண்டு சௌந்திரத்தின் கையில் கொடுத்தார். அவள் கண்ணை மூடிக்கொண்டு குடிக்க ஆரம்பித்தாள்.

அடுத்த வரி எனக்கு வரவில்லை. மஞ்சுளா இதைப் படித்தால் புடுங்கச் சொல்வார், அவர் சொல்வதில் தப்பே இல்லை. சின்னண்ணன் வேண்டாம் என்கிறார். நான் ஏற்கெனவே ஒரு தடவை பத்து நாள் தள்ளிப் போட்டவன், என்னைக் கேட்காதீர்கள். நீங்கள் அந்த இடத்தில் நின்றால் சொம்பைப் புடுங்கக் கையை நீட்டுவீர்களா, மாட்டீர்களா? யோசித்துச் சொல்லுங்கள். அதுவரை அவள் குடிக்கட்டும்.